நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு வரி



இது கொஞ்சம் நீளமான பதிவு. கையில் ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். இடையில் கொஞ்சம் வேதியியல் வரும், பயப்பட வேண்டாம். கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி மாடிப்படியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ. "வினையூக்கி என்பது வினையில் பங்கேற்காமல், வினையின் வேகத்தை மட்டும் மாற்றும் பொருள்." இரண்டு தடவை புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். எங்கிருந்தோ கிடைத்த குறிப்பு நோட்டு அது. எனக்கோ என் குரலையே யாரோ திருப்பிப் போட்டுக் காட்டியதுபோல் இருந்தது. 31 வருடம் நான் வகுப்பில் சொன்ன அதே வரி. அப்போது வினைவேக மாற்றி என்போம், வித்தியாசம் அவ்வளவுதான்.

கூடவே ஒரு உவமையும் சொல்வேன். உங்களில் பலர் இன்னும் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்வீர்கள். வினையூக்கி கல்யாணத் தரகர் மாதிரி: பொண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்துவைப்பார், தாலி கட்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். வகுப்பு சிரிக்கும். நானும் பாடம் நடத்திவிட்ட திருப்தியோடு வெளியே வருவேன்.

1988 என்று நினைக்கிறேன். அந்த வரியை நடத்திய மறுநாள் இடைநிலைச் சேர்மக் கொள்கை நடத்தினேன். வினையூக்கி முதலில் வினைபடு பொருளோடு சேர்ந்து ஒரு இடைநிலைச் சேர்மம் உண்டாகும், பிறகு அது சிதைந்து விளைபொருள் வரும், வினையூக்கி மீளும் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், நேத்து கலந்துக்காதுன்னு சொன்னீங்க. இன்னிக்கு சேர்ந்து சேர்மமாகும்னு சொல்றீங்க. எது சார் சரி?"

நான் சொன்ன பதில் இது: "ரெண்டும் ரெண்டு ரெண்டு மார்க். ரெண்டையும் எழுது, உட்காரு."

வகுப்பு மறுபடி சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்தாள். அதன்பிறகு அந்த வருடம் முழுக்க அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். பணியில் இருந்தபோது விடைத்தாள் திருத்தவே நேரம் சரியாக இருந்தது. இந்த சில வருடங்களில் நான் படித்ததில், அந்தப் பெண்ணின் கேள்விக்குச் சரியான பதிலை ஒரே ஒரு உலோக அணு சொல்லித் தந்தது. ஜியோலைட் என்ற கல்லுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் ரோடியம் அணு.

முதலில் ஜியோலைட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் கிரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது அதிலிருந்து நீராவி கொப்பளித்து வந்தது. கல்லே கொதிக்கிறதே என்று கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். கல்லுக்குள் நுண்ணிய அறைகள் இருந்தன, அவற்றில் தண்ணீர் இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

நமக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். 2021-இல் கொரோனா இரண்டாவது அலையின்போது ஆக்சிஜன் செறிவூட்டி தேடி நம்மில் எத்தனை பேர் அலைந்தோம். அந்தப் பெட்டிக்குள் இருந்த சின்னச் சின்ன உருண்டைகள் ஜியோலைட்தான். காற்றிலுள்ள நைட்ரஜனை அவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். நான் நடத்திய பரப்புக் கவர்ச்சிப் பாடம் அன்றைக்குப் பல வீடுகளில் உயிரைக் காப்பாற்றியது.

ஜியோலைட்டின் சட்டகம் சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் ஆகிய மூன்றால் ஆனது. ஒவ்வொரு சிலிக்கானைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன். சில இடங்களில் சிலிக்கானுக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்திருக்கும். சிலிக்கானின் இணைதிறன் நான்கு, அலுமினியத்துக்கு மூன்று. ஆகவே அலுமினியம் இருக்கும் இடத்திலெல்லாம் சட்டகத்தில் ஒரு எதிர்மின்சுமை மிஞ்சி நிற்கும். அதைச் சமன்செய்ய ஒரு நேர்மின் அயனி பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அது சோடியமாக இருக்கலாம், புரோட்டானாக இருக்கலாம். புரோட்டான் வந்து நின்றால் அந்த இடம் அமிலமாகிவிடும். கச்சா எண்ணெயின் நீளமான ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளை உடைத்து பெட்ரோல் ஆக்குவதற்கு 1960-களிலிருந்து சுத்திகரிப்பு ஆலைகள் பயன்படுத்துவது இந்த அமில இடங்களைத்தான்.

அந்தப் புரோட்டானின் இடத்தில் ஒரே ஒரு உலோக அணுவைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் புரூஸ் கேட்ஸ் என்ற வேதியியல் பொறியாளரும் அவரது குழுவினரும் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது 'ஒய்' வகை ஜியோலைட். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான் நானோமீட்டர். இந்த ஜியோலைட்டின் உள்ளறை ஒன்றேகால் நானோமீட்டர் அகலம் இருக்கும், அதன் வாசல் முக்கால் நானோமீட்டர். அந்த அறைச் சுவரில், அலுமினியத்துக்குப் பக்கத்தில், ஒவ்வொரு ரோடியம் அணுவாக ஒட்டவைத்தார்கள். ஒவ்வொரு ரோடியமும் சுவரின் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் இரண்டு எத்திலீன் மூலக்கூறுகளைத் தாங்கி நின்றது. எக்ஸ் கதிர்களையும் அகச்சிவப்புக் கதிர்களையும் வைத்து இந்த அமைப்பை உறுதி செய்தார்கள். 2010-இல் இதே வகை ஜியோலைட்டின் அறைக்குள் இருந்த தனித்தனி இரிடியம் அணுக்களை மின்னணு நுண்ணோக்கியில் படமே பிடித்துவிட்டார்கள்.

எத்திலீன் உங்களுக்குத் தெரிந்ததுதான். வாழைக்காயைப் பழுக்கவைக்கும் வாயு, பாலித்தீன் பையின் மூலப்பொருள். இரண்டு கார்பன், நடுவில் இரட்டைப் பிணைப்பு. அதோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் ஈத்தேன் ஆகும். பாடப்புத்தகத்தில் ஒரே வரிச் சமன்பாடு, அம்புக்குறியின் மேல் உலோகத்தின் பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். அம்புக்குறியின் மேல் அந்த உலோகம் என்ன செய்கிறது என்று படிப்படியாகப் பாருங்கள்.

எத்திலீன் வந்து தன் இரட்டைப் பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைக் கொண்டு ரோடியத்தைப் பற்றிக்கொள்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறு வந்ததும் ரோடியம் அதன் பிணைப்பை உடைத்து ஹைட்ரஜன் அணுக்களைத் தன்மேல் இருத்திக்கொள்கிறது. அதில் ஒன்று எத்திலீனுக்கு மாறுகிறது. இப்போது எத்திலீன், எத்தில் தொகுதியாகி, நேரடியாக ரோடியத்தோடு பிணைந்திருக்கிறது. இரண்டாவது ஹைட்ரஜனும் மாறியதும் ஈத்தேன் உருவாகிக் கிளம்பிப்போகிறது. ரோடியம் பழையபடி காலியாக, அடுத்த எத்திலீனுக்காக நிற்கிறது.

எண்ணிப் பாருங்கள், ரோடியம் எத்தனை பிணைப்பை உண்டாக்கியது, எத்தனை பிணைப்பை விட்டது! ஒவ்வொரு படியிலும் அது இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தப் படிகளே இல்லை. இதையா பங்கேற்காத பொருள் என்று 31 வருடம் சொன்னேன்?

உலோகத்துண்டு ஒன்றை வைத்து நடத்தும்போது இந்த உண்மை கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறது. கோடிக்கணக்கான அணுக்கள், எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று தெரியாது. ஒரு கணக்குப் போடுங்கள். பக்கத்துக்குப் பத்து அணுக்களாக 1000 அணுக்களைக் கனசதுரமாக அடுக்கினால், வெளியே தெரிபவை 488. மீதி 512 அணுக்கள் உள்ளே புதைந்து, வாயுவைக் கண்ணாலும் பார்க்காமல் கிடக்கும். ரோடியமும் பிளாட்டினமும் நகைக்கடை விலை விற்கும் உலோகங்கள். தனி அணுவாகப் பிரித்து உட்காரவைத்தால் ஒன்றுகூட வீணில்லை. செலவு மிச்சம் என்பதோடு, வேலை செய்யும் அணு எது என்ற சந்தேகமும் தீர்ந்துவிடுகிறது.

என்னை அசரவைத்தது இதற்கு அடுத்த விஷயம்.

2011-இல் கேட்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு. அதே ஜியோலைட், அதே ரோடியம், அதே எத்திலீனும் ஹைட்ரஜனும். ரோடியம் தனி அணுவாக இருந்தபோது இரண்டு எத்திலீன்கள் ஒன்றோடொன்று இணைந்து நான்கு கார்பன் கொண்ட பியூட்டீன் பெருமளவில் வந்தது. சில ரோடியம் அணுக்கள் சேர்ந்து சின்னக் கொத்தாக இருந்தபோது பெரும்பாலும் ஈத்தேன்தான் வந்தது. தனிமம் மாறவில்லை. அதற்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் மாறியது. அதோடு, பியூட்டீன் உண்டாவதில் ரோடியம் தனியாக வேலை செய்யவில்லை. பக்கத்துச் சுவரிலிருக்கும் அமிலப் புரோட்டானும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்கிறது.

தாங்கி என்று ஒரு சொல்லை நான் பாடத்தில் சொல்வேன். உலோகத்தைத் தாங்கிப் பிடிக்கும் பலகை மாதிரி என்று விளக்கியிருக்கிறேன். அதுவும் தப்பாகிவிட்டது. இங்கே தாங்கியும் வேலைக்காரர்தான்.

ஒருபடித்தான வினையூக்கம், பலபடித்தான வினையூக்கம் என்று பலகையின் நடுவில் கோடு போட்டு வேறுபாடுகள் எழுதச் சொல்வேன், ஐந்து மதிப்பெண். கல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் தனி ரோடியம் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. திடப்பொருளில் இருக்கிறது, ஆனால் கரைசலிலுள்ள ஒரு தனி மூலக்கூறு மாதிரி நடந்துகொள்கிறது.

சரி, எத்திலீன் இளகிய பேர்வழி. இரட்டைப் பிணைப்பு இருப்பதால் யார் கூப்பிட்டாலும் வந்துவிடும். மீத்தேன் அப்படியில்லை. ஒரு கார்பன், சுற்றிலும் நான்கு ஹைட்ரஜன். ஹைட்ரோகார்பன்களிலேயே எளியதும் அதுதான், பிடிவாதமானதும் அதுதான். அதன் ஒரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு சுமார் 440 கிலோஜூல் வேண்டும். அப்படியே உடைத்து மெத்தனால் ஆக்கினாலும், மெத்தனாலின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்கு 400 போதும். அதாவது, மீத்தேனை உடைக்கும் அளவு வலுவான எதுவும் மெத்தனாலை இன்னும் சுலபமாக உடைத்துவிடும். கொஞ்சம் அசந்தால் எல்லாமே கார்பன் டை ஆக்சைடாகிப் போகும்.

இது வெறும் ஆய்வகப் புதிர் இல்லை. எண்ணெய்க் கிணறுகளில் கூடவே வரும் மீத்தேனைக் கொண்டுபோக வழியில்லாமல் பல இடங்களில் அங்கேயே கொளுத்துகிறார்கள். எரிக்காமல் கசியவிட்டால் இன்னும் மோசம். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைப்போல் 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அந்த இடத்திலேயே அதைத் திரவமாக மாற்ற முடிந்தால் எவ்வளவு நல்லது!

2017-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஃபிளைட்சானி-ஸ்டெபனோபோலஸ் என்ற அம்மையாரின் குழு ஒரு வழி காட்டியது. இசட்.எஸ்.எம்-5 என்ற ஜியோலைட்டுக்குள் தனித்தனி ரோடியம் அணுக்கள். தண்ணீருக்குள், 150 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த வெப்பத்தில், மீத்தேனோடு ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் செலுத்தினார்கள். மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் வந்தன. தாங்கியின் அமிலத் தன்மையை மாற்றினால் எது அதிகம் வரும் என்பதும் மாறியது. மறுபடியும் அதே பாடம்: பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்.

தனி அணு என்றால் எல்லாமே நடந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தாமிரம் ஏற்றிய ஜியோலைட் மீத்தேனை மெத்தனாலாக்கும் என்று 2005-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். அங்கே வேலை செய்வது நடுவில் ஆக்சிஜன் பாலம் போட்ட இரண்டு தாமிர அணுக்கள் என்று பிறகு தெரிந்தது. சில வேலைக்கு ஒரு ஆள் போதும், சில வேலைக்கு இருவர் வேண்டும். அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. உருவான மெத்தனால் வெளியே வராமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அதைத் தனியாகப் பிரித்தெடுத்து, ஜியோலைட்டை மறுபடி ஆக்சிஜனில் சூடாக்கித்தான் அடுத்த சுற்றைத் தொடங்க முடிந்தது. தனி ரோடியத்துக்கும் சோதனை உண்டு. ஹைட்ரஜன் அதிகமானால் அந்த அணுக்கள் இடம்பெயர்ந்து ஒன்றாகக் கூடிக் கொத்தாகிவிடும். அப்புறம் அது வேறு வினையூக்கி. 'வினைக்குப் பின் மாறாமல் இருக்கும்' என்ற நம் இரண்டாவது வரிக்கும் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் இதைப் பேசினேன். "பிள்ளைகளுக்கு அவ்வளவு தேவையா சார்? எளிமையாகச் சொன்னால்தானே மனதில் நிற்கும்" என்றார். எளிமையாகச் சொல்வதை நானும் ஏற்கிறேன். தனி அணு, ஜியோலைட் எல்லாம் பிளஸ் டூ பிள்ளைக்கு வேண்டாம். ஆனால் 'வினையில் பங்கேற்காது' என்பது எளிமைப்படுத்திய உண்மை இல்லை, தப்பு. 'வினையில் பங்கேற்கும், ஆனால் செலவாகாது' என்பதும் அதே நீளம்தான். அதை மனப்பாடம் செய்ய ஒரு நொடிகூட அதிகம் ஆகாது. சரியான வரியும் தப்பான வரியும் ஒரே நீளத்தில் இருக்கும்போது தப்பானதைச் சொல்லிக்கொடுக்க என்ன காரணம் இருக்க முடியும்? பழக்கம் ஒன்றுதான் காரணம்.

ஒரு வரிதானே, அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு என் மைத்துனர் கதை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் பெட்ரோல் டேங்கில் போடும் ஒரு மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி வந்தார். 1,800 ரூபாய். மைலேஜ் கூடுமாம். "இது வினையூக்கி சார். இன்ஜினில் எதோடும் சேராது, பங்கேற்காது, அதனால் எந்தக் கெடுதலும் வராது" என்று விற்றவர் சொன்னாராம். மைத்துனர் படித்தவர், பள்ளியில் அந்த வரியை எழுதி மதிப்பெண் வாங்கியவர். அதனால் உடனே நம்பிவிட்டார். மைலேஜ் ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை.

பங்கேற்கும் என்று படித்திருந்தால் அவர் வேறு கேள்வி கேட்டிருப்பார். எந்தப் பிணைப்பைப் பிடிக்கிறது? எந்த இடத்தில் உட்கார்ந்து, எந்த வெப்பநிலையில் வேலை செய்கிறது? வேலை முடிந்தபின் எதை விடுகிறது? கேட்ஸும் மற்றவர்களும் ஆயுள் முழுக்கக் கேட்டது இந்தக் கேள்விகளைத்தான். பங்கேற்காது என்று நம்பிவிட்டால் அந்தக் கேள்விகள் பிறக்கவே பிறக்காது. வினையூக்கி ஒரு மந்திரமாகிவிடும். மந்திரத்தை யார் வேண்டுமானாலும் பொட்டலம் கட்டி விற்கலாம்.

தரகர் உவமையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்குப் பதில் பரிசலை வைத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் போயிருப்பீர்கள். பரிசலில் ஏறி உட்காராமல் அக்கரை போக முடியாது. எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பரிசலின் அகலம் சொல்லும். ஏறியவர்கள் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் அடுத்த சவாரி இல்லை. தாமிர ஜியோலைட்டில் மெத்தனால் இறங்க மறுத்தது நினைவிருக்கிறதா? வினையூக்கி வினைபடு பொருளை ரொம்ப இறுக்கியும் பிடிக்கக்கூடாது, ரொம்பத் தளர்த்தியும் பிடிக்கக்கூடாது என்று பால் சபாட்டியே என்ற பிரெஞ்சுக்காரர் நூறு வருடத்துக்கு முன்பே கண்டுசொன்னார். உலோகத் தூளைக் கொண்டு எத்திலீன் போன்றவற்றோடு ஹைட்ரஜனைச் சேர்த்ததற்காக 1912-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நூறு வருடமாகத் தெரிந்த விஷயத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியிடம் அந்த வரியை அடித்துத் திருத்தச் சொன்னேன். "தாத்தா, பரீட்சையில் மார்க் போடுவாங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. திருத்துபவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் போடுவார் என்றேன். உங்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்கள் குறைந்தது பதினைந்து பேர் இருப்பீர்கள். உங்களுக்கு என் வேண்டுகோள் இது ஒன்றுதான். வகுப்பில் அந்த வரியை மாற்றிச் சொல்லுங்கள். விடைத்தாளில் பங்கேற்கும் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் மதிப்பெண் குறைக்காதீர்கள். ஒருவேளை அது வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்ட பிள்ளையாக இருக்கலாம்.

1988-இல் மூன்றாவது பெஞ்சில் இருந்தவர் இதைப் படிக்கிறாரா, தெரியாது. பெயர் போடவில்லை, உங்களுக்கே தெரியும். அம்மா, அன்றைக்கு நீங்கள் கேட்டது சரியான கேள்வி. இரண்டாவது நாள் சொன்னதுதான் சரி, முதல் நாள் நான் சொன்னது தப்பு. பதில் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், படித்துவிட்டு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் உங்களைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

இன்னும் அப்படி ஏதாவது கேள்வி மிச்சமிருந்தால் கீழே எழுதுங்கள். இந்த முறை மார்க் கணக்குப் பேச மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வேதியியல் வாத்தியார்